பொம்பெய் மேடையில் கில்மர் வாசித்ததைத்தான் நாம் கேட்கிறோமா?

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் கிடார் வாசிப்பாளர் டேவிட் கில்மரின் ‘லைவ் அட் பொம்பெய்’ பதிவைக் கேட்டுவிட்டு நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: எழுபது வயதில் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேடையில் நின்று ஒரு சுரம் பிசகாமல் கிடார் வாசிக்க முடியுமா, இல்லை பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து சரிசெய்திருப்பார்களா? சரிசெய்திருந்தால், பழைய ஸ்டுடியோ ஆல்பங்களே போதாதா? கூடவே, 1971-இல் பிங்க் ஃபிளாய்ட் அதே இடத்தில் வாசித்த ‘எக்கோஸ்’ பாட்டு ஏன் இதில் இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன். முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான்: காதில் விழுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நான் மேடைக் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வதையும், பதிவான ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பதையும், அதாவது மிக்ஸ் செய்வதையும், தொழிலாகக் கொண்டவன். ஒரு லைவ் பதிவு எப்படி உருவாகிறது, அதில் எங்கே கைவைக்க முடியும், எங்கே கைவைத்தால் தடயம் தெரியும் என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் பொம்பெய் பதிவை மிக்ஸ் செய்த அறையில் நான் இல்லை. ‘இந்தப் பாட்டில் இந்த வரியை மாற்றினார்கள்’ என்று என்னால் சொல்ல முடியாது. வெளியே இருந்து கேட்டுவிட்டு அப்படி அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலை 7, 8 ஆகிய இரண்டு இரவுகள், இத்தாலியில் பொம்பெய் இடிபாடுகளுக்குள் இருக்கும் ரோமானிய வட்டரங்கில் கில்மர் வாசித்தார். கி.மு. 70 வாக்கில் கட்டிய அரங்கம் அது. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது நகரத்தோடு சேர்ந்து சாம்பலில் புதைந்தது. 1971 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்ட் அங்கே வாசித்தது ஒரு திரைப்படத்துக்காக. ஏட்ரியன் மேபன் இயக்கிய அந்தப் படத்தின் யோசனையே கூட்டமில்லாத அரங்கில் வாசிப்பது என்பதுதான். 45 ஆண்டு கழித்துக் கில்மர் திரும்பி வந்தபோது, ஓர் இரவுக்குச் சுமார் 2,600 பேர், மல்லர்கள் சண்டையிட்ட அதே களத்தரையில் நின்று கேட்டார்கள். கேவின் எல்டர் இயக்கிய படப்பதிவும் இசைத்தட்டும் 2017 செப்டம்பரில் வந்தன. கில்மர் பிறந்தது 1946 மார்ச்சில். ஆகவே எழுபது என்று நீங்கள் சொன்ன வயது சரி.

இனி இந்த மாதிரி ஒரு கச்சேரி எப்படிப் பதிவாகிறது என்று பார்க்கலாம். மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கின் சிக்னலும் மேடையிலேயே பிரிக்கப்படும். ஒரு வழி கூட்டத்துக்கான ஒலிபெருக்கிகளுக்குப் போகும், ஒன்று வாசிப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் மானிட்டருக்கு, மற்றொன்று பதிவுக்கு. பதிவில் டிரம்ஸ், பாஸ், கீபோர்டு, குரல்கள், கிடார் ஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) எல்லாம் தனித்தனி ட்ராக்கில் விழும். கூட்டத்தின் ஒலிக்கென்று தனியாகச் சில மைக்குகள் இருக்கும். அதாவது, அன்று இரவு அங்கே நின்ற யாரும் கேட்காத ஒரு கலவையைத்தான் நாம் வீட்டில் கேட்கிறோம். இது எல்லா லைவ் பதிவுகளுக்கும் பொருந்தும். எது முன்னால் வர வேண்டும், கூட்டம் எவ்வளவு கேட்க வேண்டும் என்றெல்லாம் பிறகு ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது இல்லாமல் லைவ் பதிவு என்ற பொருளே கிடையாது.

கேள்வி அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. தனித்தனி ட்ராக்கில் இருப்பதால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியும். ராக் உலகில் இது பல காலமாக நடப்பதுதான். தின் லிஸி குழுவின் 1978 லைவ் ஆல்பத்தில் முக்கால்வாசி ஸ்டுடியோவில் மறுபடி வாசித்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார். குழுவின் தரப்பு அதை மறுத்தது. அந்தச் சண்டை இன்றுவரை தீரவில்லை. பிங்க் ஃபிளாய்டின் 1971 பொம்பெய் படத்திலேயே கூட, பொம்பெயில் எடுத்தவை ‘எக்கோஸ்’, ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’, ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ ஆகிய மூன்றும்தான். மற்றவற்றைப் பிறகு பாரீஸில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்து, பொம்பெய்க் காட்சிகளோடு கோர்த்தார்கள். அதனால் அந்தப் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ‘லைவ்’ என்று அட்டையில் போட்டிருப்பதைச் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2016 பதிவில் எனக்கு நிச்சயமாகத் தெரிவது சில உண்டு. ‘மணி’ (Money, பணம்) பாட்டின் தொடக்கத்தில் வரும் காசுச் சத்தமும், ‘டைம்’ பாட்டின் கடிகார மணிகளும் முன்பே பதிவு செய்தவை. இந்தப் பாட்டுகள் முதலில் வந்த பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பத்திலும் அவை தனியாகப் பதிவு செய்து ஒட்டியவைதான். மேடையின் பின்னால் வட்டத் திரையில் படங்கள் ஓடுகின்றன. இப்படித் திரையோடும் முன்பதிவு ஒலியோடும் சேர்ந்து ஓடும் பாட்டுகளை டிரம்மர் காதில் கிளிக், அதாவது வேகத்தைக் காட்டும் சீரான தட்டொலி, கேட்டுக்கொண்டு வாசிப்பதுதான் வழக்கம். கிளிக் இருந்தால் இரண்டு இரவுகளின் வேகமும் ஒன்றாக இருக்கும். வேகம் ஒன்றாக இருந்தால், முதல் இரவின் ஒரு பாட்டில் நடுவே ஏதாவது சறுக்கினால் இரண்டாம் இரவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வைப்பது சுலபம். இரண்டு இரவு பதிவு செய்வதன் காரணமே அதுதான். அப்படி எங்கெங்கே செய்திருக்கிறார்கள் என்று கேட்டால், அது அனுமானம். எங்கும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அது ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்தது கிடார். ஒரு தொழில்நுட்ப உண்மையை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேடையில் மாற்றி வைக்க மிகக் கடினமானது குரல், கிடார் அதைவிடச் சுலபம். பாடும் மைக்கில் பாடகர் மட்டும் விழுவதில்லை. பின்னால் அடிக்கும் சிம்பல், பக்கத்து ஆம்ப், எதிரே திரும்பி வரும் எதிரொலி எல்லாம் சேர்ந்து விழும். குரலைப் பிறகு மாற்றிப் பாடி வைத்தால் அந்தக் கூடுதல் ஒலி சட்டென்று காணாமல் போய், டிரம்ஸின் நிறமே மாறிவிடும். பழகிய காது அதைப் பிடித்துவிடும். கிடார் ஆம்பின் முன்னால் சில அங்குலத்தில் வைத்த மைக்கில் அந்தக் கசிவு மிகக் குறைவு. ஆகவே ‘கிடாரை மாற்றவே முடியாது’ என்று ரசிகர்கள் வாதிடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனாலும் கில்மர் விஷயத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, படம். நெருக்கத்தில் விரல்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் வேகமாக ஓடும் வாசிப்புக்காரர் இல்லை, ஒரு சுரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்து நிறுத்தி நடுங்க வைப்பவர். தந்தி எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது, விரல் எத்தனை முறை நடுங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். வேறொரு நாள் வாசித்ததை இதன்மேல் ஒட்டினால் அந்த நடுக்கம் பொருந்தாது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. அவருடைய டிலே, அதாவது வாசித்த சுரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் கருவி, கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் அவர் காலடியிலேயே இருக்கிறது. ஆம்ப் முன்னால் வைத்த மைக்கில் பதிவாகும்போதே முந்தைய சுரத்தின் எதிரொலி இந்தச் சுரத்தின் அடியில் கலந்துதான் விழுகிறது. மென்பொருளை வைத்து ஒரே ஒரு சுரத்தின் சுருதியை நகர்த்தினால், அடியில் கிடக்கும் எதிரொலியும் கூடவே நகர்ந்து பிசிறடிக்கும். சுரம் சுரமாகச் செதுக்குவதற்கு அந்த ஒலி இடம் கொடுக்காது. ஒரு முழு வரியையே இன்னொரு இரவிலிருந்து எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். அப்படி வைத்தாலும் அதுவும் அவர் மேடையில் வாசித்த வரிதான்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். ஸ்டுடியோ பதிவுதான் அசல், லைவ் அதன் நகல் என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. ‘கம்ஃபர்டப்ளி நம்’ பாட்டின் முடிவில் வரும் சோலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்தில் இருப்பதைத்தான் உலகம் முழுக்கக் கிடார் கற்பவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அது எப்படி உருவானது என்று கில்மரே ஒரு பேட்டியில் விவரித்திருக்கிறார். ஸ்டுடியோவுக்குள் போய் ஐந்தாறு சோலோக்களை அடுத்தடுத்து வாசித்துப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொன்றையும் கேட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டு, நன்றாக வந்த இடங்களுக்கு டிக், வராத இடங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டார். அப்புறம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே ஒரு ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் விசையை) ஏற்றி இன்னொன்றை இறக்கி, இந்த டேக்கிலிருந்து (ஒரு முறை வாசித்த பதிவிலிருந்து) ஒரு வரி, அந்த டேக்கிலிருந்து ஒரு வரி என்று தாவித் தாவி ஒரே சோலோவாக ஆக்கினார். நாம் ஒரே மூச்சில் வந்தது என்று நினைத்து உருகுகிற அந்த சோலோ, பல மூச்சுகளிலிருந்து கோர்த்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோர்த்தவரின் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் உண்மையான ஒரே மூச்சு வேண்டுமானால் மேடைக்குத்தான் வர வேண்டும். பொம்பெய் பதிவின் கடைசிப் பாட்டு அதுதான். ஸ்டுடியோ வடிவத்தில் சோலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியைக் குறைத்து மறைய விட்டுவிடுவார்கள். மேடையில் அப்படி மறைய முடியாது, எங்கே முடிப்பது என்று வாசிப்பவரே முடிவு செய்ய வேண்டும். தெரிந்த வரிகளில் தொடங்குகிறார், ஏனென்றால் கூட்டத்துக்கு அவை வேண்டும். சிறிது நேரத்தில் அவற்றை விட்டு விலகுகிறார். ஒரு சொற்றொடரைச் சொல்லிவிட்டு நிறுத்தி, டிரம்ஸ் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்கிறார். பிறகு அதே சொற்றொடரை ஒரு சுரம் மேலே தள்ளிச் சொல்கிறார். அடுத்து எங்கே போகப் போகிறோம் என்று அவருக்கே தெரியாத சில விநாடிகள் அதில் உண்டு, அவற்றைக் காதால் கேட்க முடிகிறது. டிக் போட்ட தாளில் அந்த விநாடிகள் குறுக்குக் கோடு வாங்கியிருக்கும். எனக்கு அவைதான் இந்தப் பதிவின் உயிர்.

அவருடைய தந்தி இழுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வீணையில் ஒரே மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எழுப்புவார்கள் அல்லவா, கில்மர் கிடாரில் செய்வதும் அதுவேதான். ஒரு ஃபிரெட்டில் விரலை வைத்துத் தந்தியைத் தள்ளி ஒரு சுரம் ஏறுவார். அங்கே நிற்காமல் இன்னும் தள்ளி இன்னொரு சுரம் ஏறுவார். சில இடங்களில் அதற்கும் மேலே. ஒவ்வொரு படியிலும் சுருதி சரியாக நிற்க வேண்டும், கையில் அளவுகோல் எதுவும் இல்லை, காது ஒன்றுதான் வழி. கூடவே தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரின் குட்டையான ட்ரெமலோ கம்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இழுத்த சுரத்தை மெல்ல அசைப்பார். நீங்கள் ‘பிசகாமல்’ என்று எழுதியதைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால், அவர் பல சுரங்களைச் சற்றுக் கீழே தொடங்கி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது தெரியும். சேர்கிற அந்தப் பயணம்தான் அவருடைய குரல். அதை நேராக்கிவிட்டால் அது வேறு யாரோ ஒருவராகிவிடும். தன் ஒலியில் இவ்வளவு பிடிவாதமுள்ள ஒருவர் அதை மென்பொருளிடம் ஒப்படைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இது என் கருத்துதான், நிரூபணம் இல்லை.

அந்தக் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதையும் நீளமானது. 1970-இல் நியூயார்க்கில் மேனீஸ் என்ற இசைக்கருவிக் கடையில் வாங்கியது. நடுவில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் ஓர் உணவகத்தில் காட்சிக்கு வைக்கக் கொடுத்திருந்தார், திரும்பி வந்தபோது சேதமாகியிருந்தது. 2005-இல் லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சியின் மேடையில் அதை மறுபடி கையிலெடுத்தார். பொம்பெய்க்கும் அது வந்தது. 2019 ஜூன் 20 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது, ஒரு கிடாருக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிக அதிக விலை. பணத்தைப் பருவநிலைக்காகச் சட்ட வழியில் போராடும் கிளையன்ட்எர்த் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே பொம்பெய் பதிவு, அந்தக் கிடாரை அவர் கையில் முழு நீளத்துக்குக் கேட்கக் கிடைக்கும் கடைசிச் சுற்றுப்பயணத்தைச் சேர்ந்தது.

ஸ்டுடியோ ஆல்பம் தராத இன்னொன்று, இடம். ‘சாரோ’ என்ற பாட்டு பிங்க் ஃபிளாய்டின் 1987 ஆல்பத்தில் வந்தது. அதன் தொடக்கத்தில் இடி உருளுவது போன்ற ஒரு கிடார் ஒலி வரும். அந்த அகலம் ஸ்டுடியோ அறையில் கிடைக்காது என்று, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவின் ஒலிபெருக்கிகள் வழியாகக் கிடாரை அனுப்பி, அந்த வெற்று அரங்கில் எழுந்த ஒலியைப் பதிவு செய்தார்கள். அதாவது ஸ்டுடியோ ஆல்பமே ஓர் அரங்கைக் கடன் வாங்கியது. பொம்பெயில் கடன் தேவைப்படவில்லை. அந்த வட்டரங்கு வெளிப்புறமாக 135 மீட்டர் நீளம், 104 மீட்டர் அகலம் கொண்ட நீள்வட்டம். மேலே கூரை இல்லை, ஒலியில் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும். கூட்டம் கீழே களத்தில் நின்றதால் சுற்றியுள்ள படிகள் காலி. அவற்றில் பாதி கல், பாதி புல் மூடிய சரிவு. கோடை இரவில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 60 மீட்டர் தள்ளியிருக்கும் படியில் மோதித் திரும்ப மூன்றில் ஒரு பங்கு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். ‘ரன் லைக் ஹெல்’ பாட்டில் கில்மர் வைக்கும் டிலே 380 மில்லி விநாடி. கருவியின் எதிரொலியும் கல்லின் எதிரொலியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திரும்பி வரும் இடத்தில் நின்று அவர் வாசிக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். மிக்ஸில் கல்லின் எதிரொலி எவ்வளவு, பிறகு சேர்த்த ரிவர்ப் (செயற்கை எதிரொலி) எவ்வளவு என்று என் காதால் பிரிக்க முடியவில்லை. ஆனால் பாட்டு முடிந்து கடைசி ஒலி தேயும் இடங்களில், கைதட்டல் எழும் முன்பு, திறந்த வெளிக்கே உரிய அந்த வறட்சி நன்றாகவே கேட்கிறது. மூடிய அரங்குகளில் பதிவானவற்றில் அது இராது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குரல் பழைய குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் கவனமாக நடக்கிறார், சில வரிகளைப் பின்பாட்டுக்காரர்கள் தாங்குகிறார்கள். குரலில் இந்த வயது கேட்பதையே, பெரிய அளவில் கைவைக்கவில்லை என்பதற்கான அடையாளமாக நான் எடுத்துக்கொள்கிறேன். ‘மணி’ இங்கே எனக்குச் சலிப்புத் தட்டுகிறது, எல்லோரும் கடமைக்கு வாசிக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக கில்மரின் 2015 தனி ஆல்பத்திலிருந்து வரும் ‘இன் எனி டங்’ ஸ்டுடியோ வடிவத்தைவிடப் பல மடங்கு மேலானது. போருக்கு அனுப்பப்பட்ட சிப்பாய்களைப் பற்றிய பாட்டு. அதன் முடிவில் வரும் சோலோவை இந்தப் பதிவின் மிகச் சிறந்த இடம் என்பேன், ‘கம்ஃபர்டப்ளி நம்’ உட்பட எதையும்விட. ‘ஹை ஹோப்ஸ்’ பாட்டில் மடியில் கிடத்தி வாசிக்கும் லாப் ஸ்டீல் கிடாரின் நீண்ட இழுப்பும் அதற்கு அருகில் வரும்.

சரி, ‘எக்கோஸ்’. 1971 படத்தின் முதுகெலும்பே அந்தப் பாட்டுதான். அதே இடத்துக்குத் திரும்பி வந்தவர் அதை விட்டது பலரையும் உறுத்தியது. அதற்குக் காரணம் ரிச்சர்ட் ரைட். பிங்க் ஃபிளாய்டின் கீபோர்டு வாசிப்பாளர், 2008 செப்டம்பர் 15 அன்று இறந்தார். பொம்பெயில் ‘எக்கோஸ்’ வாசிக்க ஆசைதான், ஆனால் ரைட் இல்லாமல் அதை வாசிக்க மாட்டேன், நாங்கள் இருவரும் சேர்ந்து வாசித்த விதத்தில் இருந்த ஒன்றை வேறு யாரும் கற்றுக்கொண்டு வந்து வாசித்துவிட முடியாது என்ற பொருளில் கில்மர் சொல்லியிருக்கிறார். கேட்டுப் பார்த்தால் அது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை என்று புரியும். அந்தப் பாட்டின் நடுவில் கிடாரும் ஆர்கனும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நகரும் இடங்களில் எழுதி வைத்த பாடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. எதிரில் இருப்பவர் யார் என்பதுதான் பாட்டு. பொம்பெயில் அதற்குப் பதிலாக ரைட்டின் நினைவாக எழுதிய ‘எ போட் லைஸ் வெயிட்டிங்’ பாட்டைப் பாடினார். 1971-இலும் 2016-இலும் அங்கே வாசித்த ஒரே பாட்டு ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’.

அந்த ஒரு பாட்டை இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன். 1971 காட்சியில் கேமரா பெரும்பாலும் டிரம்மர் நிக் மேசன் மேலேயே இருக்கும். நடுவில் அவர் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிப் போகும். ஒரு கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டே மறு கையால் இன்னொரு குச்சியை எடுத்துத் தொடர்வார். நினைத்திருந்தால் இன்னொரு முறை எடுத்திருக்கலாம், கூட்டம்கூட இல்லை. விட்டுவைத்தார்கள், இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தக் குச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். 2016 வடிவத்தில் அப்படி ஒன்றும் நழுவவில்லை. பாஸ் இறுக்கமாக இருக்கிறது, லாப் ஸ்டீல் பெரிதாக ஒலிக்கிறது, ஒளியும் தீயும் சேர்ந்து மிரட்டுகின்றன. ஒலித்தரத்தில் ஒப்பிடவே முடியாது. ஆனால் நான்கு இளைஞர்கள் காற்றடிக்கும் வெற்று அரங்கில் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்த அந்தத் துடிப்பு முந்தையதில்தான் இருக்கிறது. எழுபது வயதுக்காரரிடம் அதைத் தேடக் கூடாது. அவரிடம் தேட வேண்டியது ஒரே சுரத்தில் எவ்வளவு நேரம் தயங்காமல் நிற்கிறார் என்பதை.

‘எக்கோஸ்’ தான் வேண்டும் என்றால் உங்களுக்கு ‘லைவ் இன் க்டான்ஸ்க்’ இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 26 அன்று போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் பிறந்ததன் நினைவு விழாவில் பதிவானது. சுமார் 50,000 பேர் திரண்ட கச்சேரி. போலிஷ் பால்டிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை ஸ்பிக்னியெவ் பிரெய்ஸ்னர் நடத்தினார். ரைட் உயிரோடு கில்மரின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். அந்த ஆல்பம் கடைக்கு வந்தது ரைட் இறந்து ஒரு வாரம் கழித்து. நான் ஒன்றே ஒன்றை வாங்கச் சொல்ல வேண்டுமென்றால் க்டான்ஸ்கைத்தான் சொல்வேன். கிடார் ஒலியின் தரத்தில் பொம்பெய் ஒரு படி மேல். ஆனால் ஒருவர் வாசிப்பதற்கு இன்னொருவர் செவிகொடுத்துப் பதில் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் 2006 பதிவை எதுவும் மிஞ்சவில்லை.

பொம்பெயை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள், மறுபடி கேட்பதானால் படத்தை முதலில் ஓட விடாதீர்கள். தீயும் ஒளியும் காதைப் பிடுங்கிக்கொள்ளும். நல்ல ஹெட்ஃபோன் போட்டு ‘இன் எனி டங்’, ‘சாரோ’, ‘கம்ஃபர்டப்ளி நம்’ இந்த வரிசையில் ஒலியை மட்டும் கேளுங்கள். ஒரு சுரம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது, அடுத்ததற்கு முன்னால் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதில் மட்டும் கவனம் வையுங்கள். பிறகு அதே மூன்றையும் படத்தோடு பாருங்கள். விரலுக்கும் ஒலிக்கும் நடுவில் ஏதாவது ஒட்டாமல் நின்றால் எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில் என்று இங்கேயே எழுதுங்கள், நானும் அந்த இடத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.